சுமக்க முடிந்த தூரம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மீக்கர் என்ற சிற்றூரிலிருந்து ஒயிட் ரிவர் ஆற்றை ஒட்டிக் கிழக்கே போகும் சாலை, கடைசியில் மண்பாதையாகி ட்ராப்பர்ஸ் ஏரிப் பக்கம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வண்டி போகாது, போகவும் கூடாது. ஏரியைச் சுற்றிக் கறுத்த எரிமலைப் பாறை சுவராக நிற்கிறது. அதன் மேல் ஏறிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான புல்வெளியும் ஊசியிலைக் காடும்தான். ஃப்ளாட் டாப்ஸ் என்கிற இந்த மலையில் எல்க் மான்கள் ஆயிரக்கணக்கில் மேய்கின்றன. கொலராடோ அளவுக்கு எல்க் உள்ள மாநிலம் அமெரிக்காவில் வேறு கிடையாது.

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு தம்பதியோடு அக்டோபரில் அங்கே போனேன். துப்பாக்கி அந்த அம்மாவுடையது. அறுபதைக் கடந்தவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பெண் எல்க் ஒன்றை வேட்டையாட அவருக்குக் குலுக்கலில் அனுமதி விழுந்திருந்தது. அவர் கணவருக்கு முழங்கால் வலி. தூக்குவதற்கு ஆள் வேண்டும் என்று நேரடியாகச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள்.

முதல் நாள் இரவு கூடாரத்தில் வரைபடத்தை விரித்து, பென்சிலால் ஒரு கோடு போட்டார் அந்த அம்மா. கோட்டுக்கு அந்தப் பக்கம் எது நின்றாலும் சுடுவதில்லை என்றார். மறுநாள் காலையிலேயே அதற்குச் சோதனை வந்தது. ஒரு பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் ஒரு கூட்டம், துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில். பெரிய பெண் மான் ஒன்று பக்கவாட்டில் நின்றது. அவர் தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். அங்கே விழுந்தால் பள்ளத்தில் இறங்கி, வெட்டி, மறுபடி ஏறிக் கொண்டுவருவதற்குள் மறுநாள் வெயில் வந்துவிடும்; கறி கெட்டுப்போகும் என்றார். வேட்டையைப் பற்றி எனக்கு இருக்கிற மரியாதையெல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து வந்ததுதான்.

பிறகு கோட்டுக்கு உள்ளேயே ஒன்று கிடைத்தது. ஒரே குண்டு. நெஞ்சில் பட்டு, நாலடி நடந்து விழுந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

வளர்ந்த பெண் எல்க் இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும். எலும்பு நீக்கிய கறி எழுபது கிலோ தேறும். இதற்கெல்லாம் முதல் எதிரி மானின் உடம்புச் சூடுதான். அடர்ந்த மயிரும் தடித்த தோலும் போர்வையாக மூடியிருப்பதால் வெளியே பனி உறைந்தாலும் உள்ளே சூடு இறங்காது. தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முதலில் நாற்றம் தட்டும். ஆகவே தோலை உடனே உரித்தாக வேண்டும்.

வயிற்றைக் கிழிக்காமலே கறியை எடுக்கும் முறை அவருடையது. மானை ஒருக்களித்துப் போட்டு, முதுகுத்தண்டு நெடுகக் கத்தியால் கீறி, தோலைக் கீழ்நோக்கி உரித்தார். தோலின் உள்பக்கம் ஆவி பறந்தது. முன்னங்காலை நான் தூக்கிப் பிடிக்க, அடியில் கத்தியை ஓட்டினார். எலும்பில் எங்கும் முட்டாமல் கால் அப்படியே என் கையோடு வந்துவிட்டது. முன்னங்காலுக்கும் உடம்புக்கும் எலும்பு மூட்டே கிடையாது, வெறும் தசைதான் பிடித்திருக்கிறது என்பதைக் கையில் எடையாக உணர்ந்த கணம் அது. பின்னங்காலுக்கு மூட்டு உண்டு. குழியிலிருந்து எலும்பின் உருண்டைத் தலை வெளிவரும்போது ஈரமாக ஒரு சத்தம் கேட்டது. அடுத்து, முதுகெலும்பை ஒட்டிக் கழுத்திலிருந்து இடுப்புவரை நீளமாக ஓடும் முதுகுக்கறி. கடைசி விலாவுக்குப் பின்னால் கையை விட்டு, உள்ளே தண்டுக்கு அடியில் கிடந்த மிருதுவான துண்டையும் விரலாலேயே பிரித்து எடுத்தார். புரட்டிப் போட்டு மறுபக்கமும் இதே வேலை. பெண் மான்தான் என்று அதிகாரி பார்த்து உறுதிசெய்துகொள்ள, அதற்கான அடையாளத்தை ஒரு தொடையோடு ஒட்டியபடியே விட்டுவைத்தார், அது சட்டம்.

ஒவ்வொரு துண்டும் மெல்லிய துணிப்பையில் போய், நிழலில், காற்றோட்டமான கிளைகளில் தொங்கியது. ஈ அண்டாது, மேல்பரப்பு காய்ந்து மெல்லிய ஆடை கட்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் சூடும் ஈரமும் உள்ளேயே தங்கிப் பாழாகிவிடும். சாம்பல் நிற ஜே பறவைகள் அதற்குள் வந்து கொழுப்புத் துணுக்குகளைக் கொத்திக்கொண்டு போயின. குடலும் எலும்புக்கூடும் அண்டங்காக்கைக்கும் நரிக்கும் கரடிக்கும். கரடி வரும் என்பதால்தான் கறிப் பைகளை அங்கிருந்து எட்டத் தள்ளிக் கட்டினோம்.

இனி சுமை. அலுமினியச் சட்டம் வைத்த முதுகுப்பையில் ஒரு பின்னந்தொடை, அதன் மேல் ஒரு பை உதிரிக்கறி. முப்பது கிலோ இருக்கும். அரிசி மூட்டை முதுகில் படிந்துவிடும், தொடை படியாது. எலும்பு ஒரு பக்கம் துருத்தும், அடி வைக்கும்போதெல்லாம் அசையும். எடை தோள்பட்டைகளுக்கு நடுவே, தண்டை ஒட்டி உயரத்தில் இருக்க வேண்டும். கீழே இறங்கினால் ஆளைப் பின்னால் சாய்த்துவிடும். தோள்பட்டி இழுத்துப் பிடிக்க மட்டும்தான், தாங்குவது இடுப்புப்பட்டை. நின்றபடி அதை மாட்ட முடியாது. தரையில் உட்கார்ந்து முதுகைக் கொடுத்து, பட்டைகளைப் பூட்டி, ஒருக்களித்து முழங்காலுக்கு வந்து, இரண்டு கைத்தடிகளையும் ஊன்றி எழ வேண்டும்.

பத்தாயிரம் அடி உயரத்தில் மூச்சு தனியாக ஒரு வேலை. ஆனால் அதைவிடப் பாடுபடுத்தியவை விழுந்த மரங்கள். 1940களில் பட்டைவண்டு இந்தக் காட்டின் ஸ்ப்ரூஸ் மரங்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. 2002இல் பெருந்தீ வேறு. வெளுத்துப்போன அடிமரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. வெறுங்கையோடு தாண்டிய மரத்தைச் சுமையோடு தாண்ட முடியவில்லை. அதன் மேல் உட்கார்ந்து, ஒரு காலை அந்தப் பக்கம் போட்டு, தடியை ஊன்றிப் பிறகு மறுகாலை எடுத்தேன். ஒவ்வொரு மரத்துக்கும் இதேதான். கீழே இறக்கிவிட்டு, மறுபடி மேலே ஏறி, அடுத்த சுமை. மாலைக்குள் தொடைகள் நடுங்கத் தொடங்கிவிட்டன.

சக்கரம் வைத்த ஒரு தள்ளுவண்டி இருந்தால் பாதிப் பாடு குறையும். அது இங்கே கூடாது. 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் மோட்டாரை மட்டுமல்ல, இயந்திரப் போக்குவரத்து எதையுமே தடுக்கிறது. மான் ஏற்றும் கைவண்டியும் அதில் அடக்கம். குதிரை, கோவேறு கழுதை, லாமா போகலாம். அந்தச் சட்டத்தின் விதைகளில் ஒன்று இந்த ஏரிக்கரையிலேயே விழுந்தது. 1919இல் ஆர்தர் கார்ஹார்ட் என்ற இளைஞரை வனத்துறை இங்கே அனுப்பியது, கோடை வீடுகளுக்கு மனை அளந்து வரச் சொல்லி. அவர் அளந்துவிட்டு, இங்கே வீடே கட்டக் கூடாது என்று எழுதினார். ஏரிக்கரை இன்றுவரை தப்பியிருக்கிறது. முதுகு ஒடிய நடந்தபோதும் அந்தத் தடை தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. சக்கரம் வந்திருந்தால் அந்தப் பென்சில் கோடு இன்னும் எவ்வளவோ தூரம் தள்ளிப் போயிருக்கும். மான்களுக்கு ஒதுங்க இடமே இருந்திருக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதுதான் நடந்தது. சுரங்க ஊர்களுக்கு எல்க் கறி வண்டி வண்டியாகப் போய், கொலராடோவில் அந்த இனமே அற்றுப்போகும் நிலை வந்தது. பிறகு வயோமிங்கிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று காட்டு எல்க் கறியை இங்கே விற்கக் கூடாது. உண்ணத்தக்க கறியைக் காட்டில் விட்டுவிட்டு வருவதும் குற்றம். வேட்டை உரிமக் கட்டணமும், 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது விதிக்கும் வரியும் வனவிலங்குகளுக்கே செலவாகின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளாவுக்கு இந்த எல்க் உறவுதான். ஆனால் துண்டு துண்டாகிப்போன நம் காடுகளில் மிளாவைத் தொடக் கூடாது என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம். ஓர் இடத்தில் சரியானது இன்னோர் இடத்தில் சரியாகிவிடாது.

கடைசிச் சுமையில் தலையும் வந்தது, பரிசோதனைக்காக. மான்களின் மூளையை அரிக்கும் ஒரு தீராத நோய், 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில்தான் முதலில் கண்டறியப்பட்டது. ப்ரியான் என்ற புரதத்தால் வருகிறது. சமையல் சூட்டுக்கு அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை என்றாலும், நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே அறிவுரை. முடிவு வரும்வரை கறி முழுவதும் உறைபெட்டியில் காத்திருந்தது. நோய் இல்லை என்று வந்த பிறகுதான் பங்கு போட்டோம்.

எங்களுக்குக் கழுத்துக்கறியும் ஒரு முன்னங்காலும். கொழுப்பே இல்லாத கறி, ஆட்டுக்கறியைவிடக் கருஞ்சிவப்பு. நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப்போட்டு என் மனைவி சுக்கா செய்தாள். கழுத்து வேக நேரம் பிடித்தது. அந்தத் தம்பதி வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அடுத்த குலுக்கலுக்கு ஏப்ரலில் விண்ணப்பிக்க வேண்டும், நீங்களும் வேட்டைப் பயிற்சி வகுப்பில் சேருங்கள் என்றார் அந்த அம்மா. சுடுவதைப் பற்றி நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. என் உயரத்துக்கு எந்த அளவு முதுகுப்பைச் சட்டம் பொருந்தும் என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.