காண்டலும் கூறலும்

ஒன்றைக் காண்பது ஒரு தொழில். கண்டதை உரியவர்க்கு உரைப்பது வேறொரு தொழில். இவ்விரண்டும் ஒன்றே என யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென எமக்குக் காட்டியவை உள்ளங்கையில் அடங்கும் சில சிறு கருவிகளாம்.

உணர்கருவி என்பது வெப்பம், ஈரம், ஒளி முதலியவற்றை அறிந்து, கம்பியின் துணையின்றி ரேடியோ அலைகளால் அறிவிப்பது. 2002-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மெயின் மாகாணத்தைச் சேர்ந்த கிரேட் டக் தீவில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி அறிஞரும் பிறரும் இத்தகைய கருவிகள் 32 வைத்தனர். அங்கே பெட்ரல் என்னும் கடற்பறவை நிலத்தில் வளை தோண்டி முட்டையிடும். மனிதர் அடிக்கடி அணுகினால் அது வளையைத் துறந்து போதலும் உண்டு. ஆதலின், மனிதர் அணுகாமலே வளையின் நிலைமையை அறியக் கருவிகளே காவல் இருந்தன.

ஒரு கருவியின் குரல் நெடுந்தூரம் எட்டாதவிடத்து, அது அயற்கருவிக்கு உரைக்கும். அயற்கருவி அதற்கப்பாலுள்ளதற்கு உரைக்கும். இவ்வாறு கைமாறிச் செய்தி தலைமை நிலையத்தை அடையும். இதன்கண் இரு கேள்விகள் எழுகின்றன. நிலத்தில் எவ்விடமும் விடுபடாமல் உணரப்படுகின்றதா என்பது ஒன்று. உணர்ந்தவை யாவும் நிலையத்தை எட்டுமாறு கருவிகள் தொடர்புற்றுள்ளனவா என்பது மற்றொன்று. இவற்றை இணைக்கும் அழகிய விதி ஒன்றுண்டு. ஒவ்வொரு கருவியும் தன்னைச் சுற்றி 10 மீட்டர் வரை உணருமெனக் கொள்வோம். குழிவற்ற எல்லையுடைய ஒரு நிலம் இடைவெளியின்றி உணரப்படுமாயின், அடுத்தடுத்த வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டேயாக வேண்டும். அவற்றின் மையங்களுக்கிடையே 20 மீட்டருக்கு மேல் இராது. ஆகவே, குரல் எட்டும் தூரம் உணரும் தூரத்துக்கு இருமடங்கேனும் இருப்பின், முழுதும் காண்பதே முழுதும் தொடர்புறுவதாகும்.

நிற்க. இவ்விதியைப் படித்த மகிழ்ச்சியில், எம் வகுப்பினர் சிலர் கூடிக் கலாசாலைத் தோட்டத்தில் பாத்திக்கு ஒன்றாக 12 கருவிகளை நட்டோம். மண்ணின் ஈரம் குறைந்ததெனக் கருவி கூறும் பாத்திக்கே நீர் விடுமாறு தோட்டக்காரரிடமும் சொல்லிவைத்தோம். மண்ணின் ஈரத்தைக் கருவி தான் நின்ற இடத்தில் மட்டுமே அறியும். எனவே விதி கூறிய இருமடங்குக் கணக்கு எமக்குப் பயன்படவில்லை. அதனை யாம் சிந்திக்கவில்லை. தென்கோடியில் இருந்த நான்கு கருவிகளும் மாமரத்தடியில் இருந்த ஒன்றன் வாயிலாகவே பேசின. தன் சொல்லோடு நால்வர் சொல்லையும் சுமந்த அதன் பாட்டரி மற்றவற்றிற்கு முன்னரே தீர்ந்தது. பரீட்சைக் காலமாதலால் யாமும் அப்பக்கம் செல்லவில்லை. தென்கோடியிலிருந்து செய்தி வராமையால், அங்கே ஈரம் உள்ளதெனவே கருதியிருந்தோம். சென்று பார்த்தபோது எலுமிச்சைக் கன்றுகள் கருகி நின்றன. அந்நான்கு கருவிகளையும் எடுத்துச் சோதித்தோம். அவற்றில் ஒரு பழுதுமில்லை. மண் நாளுக்குநாள் வறண்டதை அவை தவறாது குறித்தே வைத்திருந்தன.

அவ்வாண்டிலேயே எம் விடுதியில் ஒரு நண்பர் விடுமுறைக்குச் சென்றவர் திரும்பவில்லை. அவர் பல இரவுகள் உண்ணாமல் படுத்ததை அறைத்தோழர் அறிவார். புத்தகங்களை விற்றதை அடுத்த அறையினர் அறிவார். சம்பளம் கட்டாதோர் பட்டியலில் அவர் பெயரை யாமே கண்டோம். வறிய மாணவர்க்கென நிதியொன்று கலாசாலையில் இருந்தது. அதனை வழங்கும் அதிகாரமும் விடுதித் தலைவரிடம் இருந்தது. எனினும், வேறொருவர் கூறியிருப்பார் என ஒவ்வொருவரும் எண்ணினோம்; நண்பரோ வாய் திறவாத இயல்பினர். செய்தி அறிந்த விடுதித் தலைவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "என் அறைக்கதவு என்றாவது பூட்டியிருந்ததா?" என்று மட்டும் கேட்டார். எம்மிடம் விடையில்லை.

மாமரத்தடியில் இப்பொழுது இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று அயர்ந்தால் மற்றொன்று பேசும். செய்தி வாராத பாத்தியை நலமுள்ளதெனக் கொள்ளாமல், முதலில் சென்று பார்க்கவேண்டிய பாத்தியெனக் கொள்கின்றோம். நண்பருக்கு யாமும் விடுதித் தலைவரும் கடிதம் எழுதியுள்ளோம்; இதுகாறும் மறுமொழி வரவில்லை. வரும் விடுமுறையில் எம்முள் இருவர் அவர் ஊருக்கு நேரிலேயே செல்வதாக இருக்கின்றோம்.