தாலின் நகரில் ஒலித்த 'கிரேதோ'

இலத்தீன் மொழியில் பூசை நடைபெற்ற காலத்தில், சிறுவர்களாய்ப் பாடகர் குழுவில் நின்று 'கிரேதோ' பாடியவர்கள் நாம். பொருள் தெரியாது, பண் மட்டும் மனப்பாடம். பாடல் நீளமாதலால் கால் கடுக்கும். எப்போது முடியுமென்று பீடத்தை எட்டிப் பார்த்ததும் உண்டு. அச்சொல்லை மேடையில் பாடவைத்ததால் ஒருவருடைய வாழ்வே திசை மாறியது என்று பிற்காலத்தில் அறிந்தபோது, பழைய அசட்டையை எண்ணி நாணினோம்.

அவர் ஆர்வோ பேர்ட். 2017ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்கு ராட்சிங்கர் விருது வழங்கியபோதுதான் அப்பெயர் நம் செவிக்கு எட்டியது. பால்டிக் கடலோரச் சிறுநாடான எஸ்தோனியாவில் 1935இல் பிறந்தவர். 1940இல் சோவியத் ஒன்றியம் அந்நாட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது அவருக்கு ஐந்து வயது நிரம்பவில்லை. கடவுள் மறுப்பைக் கொள்கையாகக் கொண்ட ஆட்சியிலேயே அவர் கல்வியும் இசையும் பயின்றார்.

அந்நாட்டில் இசையமைப்பது வெறும் கலை முயற்சியன்று. 1936இல் ஷொஸ்தகோவிச்சின் இசை நாடகமொன்றை ஸ்டாலின் பார்த்த சில நாட்களில், கட்சி ஏடான 'பிராவ்தா' அதைக் கடுமையாகத் தாக்கியது. தாம் எந்நேரமும் கைதாகலாம் என்று அஞ்சி வாழ்ந்தார் அம்மேதை. பேர்ட்டும் 1960இல் பன்னிரு சுர முறையில் எழுதிய ஒரு படைப்புக்காகக் கண்டனம் பெற்றவரே. ஆயினும் சுரத்தில் செய்த பிழை பொறுக்கப்பட்டது. 1962இல் மாஸ்கோவில் பரிசும் கிடைத்தது.

1968 நவம்பர் 16ஆம் நாள் தாலின் நகரில் அவருடைய 'கிரேதோ' அரங்கேறியது. நேமே யார்வி அதனை நடத்தினார். இயேசு கிறிஸ்துவை விசுவசிப்பதாகப் பாடகர் குழு இலத்தீனில் முழங்குவதே தொடக்கம். நாம் பூசையில் சொல்லும் முழு விசுவாசப் பிரமாணம் அன்று அது. அடுத்து வருவது மலைப்பிரசங்கத்தின் ஒரு பகுதி. பாக் இயற்றிய எளிய முன்னிசை ஒன்று பியானோவில் தெளிந்த நீர்போல் எழுகிறது. கண்ணுக்குக் கண் என்ற பழைய நியதி வரும்போது அந்நீர் கலங்குகிறது. வாத்தியங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன; பாடகர்கள் பாடுவதை விட்டுக் கத்துகின்றனர். முதன்முறை கேட்டபோது ஒலிபெருக்கி பழுதாயிற்றோ என்று ஐயுற்றோம். உண்மையைச் சொன்னால், இன்றும் அப்பகுதி நமக்கு இனிப்பதில்லை. இனிக்கவென்று அது எழுதப்படவுமில்லை. பின்னர், தீமையை எதிர்த்து நிற்கவேண்டாம் என்ற ஆண்டவரின் போதனை வருகிறது. ஆரவாரம் அடங்குகிறது. காயம்பட்டவன் எழுந்து நடப்பதுபோல் பாக்கின் இசை மெல்லத் திரும்பி வருகிறது.

அதிகாரிகளைச் சினமூட்டியது கூச்சலன்று, அத்தொடக்கச் சொற்களே. இசையமைப்பாளரைக் கைது செய்யவில்லை. படைப்பைத் தடை செய்தார்கள்.

அதன்பின் எட்டு ஆண்டுகள், ஓரிரு படைப்புகள் நீங்கலாக, பேர்ட் மௌனமானார். அம்மௌனம் முழுவதும் பிறர் சுமத்தியதன்று. பழைய இசைமொழி தம்மிடம் வற்றிவிட்டதாக உணர்ந்து, திருச்சபையின் கிரகோரியன் பண்களை நாடினார். ஒற்றைக் குரலுக்குரிய சுரவரிசைகளை ஏடு ஏடாக எழுதிப் பழகினார். நாம் கால் கடுக்க நின்று பாடிய பண்களின் மரபு அது! 1972இல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சேர்ந்தார். 1976இல் சிறுமணிகளின் நாதம் போன்ற புதிய இசை அவரிடம் பிறந்தது. அப்போதும் விவிலியப் பெயர்களுக்கு இடமில்லை. தொண்ணூறு வயதில் தாய்மை வாக்குறுதி பெற்ற சாராளைப் பற்றிய படைப்பு, 'மோதுஸ்' என்ற பொதுப்பெயரில் ஒளிந்தே வெளிவந்தது.

1980 ஜனவரியில் மனைவி மக்களுடன் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். பிரெஸ்ட் என்ற எல்லை இரயில் நிலையத்தில் காவலர் சோதனையிட்டனர். இருந்தவை ஏழு பெட்டிகள். அவற்றுள் இசைத்தாள்களும் ஒலிப்பதிவுகளும். கேட்டுப் பார்ப்போம் என்றனர் காவலர். வேறு பயணிகள் எவருமற்ற அப்பெரிய நிலையத்தில், ஆங்கிலேய இசைஞர் பிரிட்டனின் நினைவாகப் பேர்ட் எழுதிய இசை முதலில் ஒலித்தது. அடுத்து ஒலித்தது 'மிசா சில்லாபிகா' என்னும் அவருடைய இலத்தீன் பூசை இசை. அதில் கிரேதோ முழுமையாகவே உண்டு. அன்று காவலர்கள் தம்மிடம் மிகவும் நட்போடு நடந்துகொண்டதாகப் பேர்ட் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.