இரட்சிப்பின் நிச்சயமும் சாதிச் சான்றிதழும்

"இன்று ராத்திரி செத்தால் பரலோகம் போவாயா?" குடவாசல் பக்கத்துச் சேரிகளில் எழுப்புதல் கூட்டத்துக்கு வரும் ஊழியர்கள் தவறாமல் கேட்பது. நிச்சயம் உள்ளவர்கள் கை தூக்க வேண்டும். நாங்களும் தூக்கியிருக்கிறோம், பல தடவை. கூட்டம் முடிந்து வரப்பில் நடக்கும்போதே சந்தேகம் கூட வந்துவிடும். விசுவாசம் பற்றாது என்றார்கள், உபவாசம் இருந்தோம்.

கோளாறு எங்கள் விசுவாசத்தில் மட்டுமா? சபைக்குள் சாதி கூடாது என்று 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சொன்னதும், தஞ்சாவூரில் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். எங்களோடு உட்காருவதைவிட அது அவர்களுக்கு லேசாக இருந்தது. அரசாங்கமும் குறைந்ததல்ல. 1950 ஆணை கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, எங்களுக்கு இல்லை. ஊருக்கு நாங்கள் சேரி, தாலுகா ஆபீசுக்கு பி.சி. எல்லா வாசலிலும் சான்று காட்டியே பழகியவர்களுக்கு, கடவுள் மட்டும் சும்மா சேர்த்துக்கொள்வார் என்று நம்ப எப்படி வரும்?

லூக்கா 23-இல் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானமும் இல்லை, சபைப் பதிவேட்டில் பேரும் இல்லை. பக்கத்தில் தொங்கியவரிடம் கேட்டான், அன்றைக்கே கிடைத்தது.

இப்போது கூட்டங்களில் நாங்கள் கை தூக்குவதில்லை. சந்தேகம் வருகிற ராத்திரிகளில் அந்தப் பகுதியை வாசித்துவிட்டுப் படுக்கிறோம். தூக்கம் வருகிறது.