ஒரே ஒரு சித்திரம்

லண்டன் மாநகரத்துக்குச் செல்வோர் டிரபால்கர் சதுக்கத்தைப் பாராமல் திரும்புவதில்லை. நெல்ஸனின் உயர்ந்த தூணையும், அதனடியில் படுத்திருக்கும் நான்கு சிங்கங்களையும் கண்டு களித்துவிட்டுப் பலர் அப்படியே போய்விடுகிறார்கள். சதுக்கத்தின் வடபுறத்தில் நீண்டதொரு கட்டடம் நிற்கிறது. அதுவே தேசியச் சித்திரசாலை. நாம் அதனுள் நுழைந்தபோது பிரவேசக் கட்டணம் கேட்பார் எவருமில்லை. விசேஷக் கண்காட்சிகளுக்கு மட்டுமே அங்கே கட்டணம் உண்டு.

ஐரோப்பாவின் பெரிய சித்திரசாலைகள் பல, அரசர்கள் சேர்த்துவைத்த செல்வத்திலிருந்து தோன்றியவை. பாரிஸ் நகரத்து லூவர் அரண்மனை, புரட்சிக்குப்பின் 1793-ல் ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. லண்டன் சித்திரசாலையின் கதை வேறு. 1824-ல் ஆங்கர்ஸ்டைன் என்ற வர்த்தகரின் 38 சித்திரங்களை 57,000 பவுன் கொடுத்து அரசாங்கம் வாங்கியது. அவர் கப்பல் இன்ஷூரன்ஸில் பொருளீட்டியவர். அடிமைகள் உழைத்த தோட்டங்களோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. அழகிய பொருள்கள் யாவும் அழகிய வழியில் வந்து சேர்ந்தவை அல்ல என்பதையும் நாம் மறத்தலாகாது. இப்போதைய கட்டடம் 1838-ல் திறக்கப்பட்டது. மேற்கே வாழ்ந்த செல்வரும் கிழக்கே வாழ்ந்த ஏழைகளும் ஒருங்கே வந்து சேரத்தக்க இடம் இது என்று அக்காலத்தவர் கருதினார்கள்.

இன்று இங்கே 2,300-க்கு மேற்பட்ட சித்திரங்கள் உள்ளன. அதுவே ஒரு சங்கடமும் ஆகிறது! பந்தியில் பரிமாறிய பதார்த்தங்கள் அனைத்தையும் ஒருவாய் ருசிபார்த்து எழுந்துவிடுகிறவர்களைப் போல, ஜனங்கள் அறைக்கு அறை விரைகிறார்கள். ஓர் அறையில் மட்டும் பள்ளிப் பிள்ளைகள் சிலர் தரையில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னே இருந்தது, வான் ஐக் என்பவர் 1434-ல் தீட்டிய அர்னோல்பினி தம்பதியரின் படம். கைகோத்து நிற்கும் ஆணும் பெண்ணும், காலடியில் ஒரு சிறு நாய், ஜன்னலருகே ஆரஞ்சுப் பழங்கள். பின்சுவரில் ஒரு குவிந்த கண்ணாடி. "கண்ணாடியில் எத்தனை பேர் தெரிகிறார்கள்?" என்று ஆசிரியை கேட்டார். பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். தம்பதியரின் முதுகுப்புறத்தோடு, வாயிலில் நிற்கும் வேறு இருவரும் அதில் தெரிகிறார்கள். அதைக் கண்டுபிடித்த சிறுமியின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை என்னென்பது! நமது தொழிலும் அதுவே ஆதலால், நாமும் அங்கேயே நின்றுவிட்டோம்.

நிதானமாகப் பார்க்கும் இப்பாடத்தை, இந்நகரத்தார் ஒருகாலத்தில் துன்பத்தினிடமிருந்து கற்றார்கள். 1939-ல் யுத்தம் நெருங்கியபோது சித்திரங்கள் அனைத்தும் வேல்ஸ் பிரதேசத்துக்கு அனுப்பப்பட்டன. 1941-ல் அவற்றை மானோட் மலையிலுள்ள சிலேட்டுக்கல் சுரங்கத்தினுள் கொண்டுபோய் வைத்தார்கள். லண்டன் கட்டடத்தின்மீது பலமுறை குண்டுகள் விழுந்தன. வெறுஞ்சுவர்களுக்கு நடுவே மைரா ஹெஸ் அம்மையார் நடுப்பகல் சங்கீதக் கச்சேரிகளை ஏற்பாடு செய்தார். ஆயினும் ஜனங்களுக்குச் சித்திரத்தின்மேல் இருந்த பசி தீரவில்லை. எனவே 1942 முதல், மாதத்துக்கு ஒரே ஒரு சித்திரம் சுரங்கத்திலிருந்து வரவழைக்கப்பட்டது.

அவ்வாண்டில் முதன்முதலாக வந்தவற்றுள் ஒன்று, வெனிஸ் நகரத்து டிஷ்யன் தீட்டியது. உயிர்த்தெழுந்த ஏசுநாதரைக் கண்டு மகதலேனா மரியாள் மண்டியிட்டுக் கை நீட்டுகிறாள். அவரோ தம்மைத் தொடவேண்டாம் என்று மெல்ல விலகுகிறார். மகனையும் கணவனையும் போரில் இழந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் அல்லவா? கண்ணெதிரே நின்றும் கைக்கு எட்டாத அன்பை அவர்கள் எவ்வாறு பார்த்திருப்பார்கள்! ஆயிரக்கணக்கான படங்கள் இருந்த காலத்தில் அவசரமாகக் கடந்துபோனவர்களும், அந்த ஒன்றின் முன்னே காத்து நின்றிருப்பார்கள்.

கட்டணம் இல்லாமையின் உண்மையான பயன் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. உத்தியோகத்துக்குப் போகிறவர் கால்மணி நேரம் உள்ளே வந்து, ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். நாளைக்கும் அதையே பார்க்க வரலாம். நம் குடும்பத்தாரும் குழந்தைகளோடு அங்கே செல்ல நேர்ந்தால், பட்டியலை மூடிவைத்துவிட்டு, ஒரு சித்திரத்தின் முன்னே குழந்தையை உட்காரவைத்து, "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்கட்டும். பதிலுக்குக் காத்திருக்கும் பொறுமை மாத்திரம் நமக்கு வேண்டும்.