வீடு வாங்கும் முன் காகிதத்தைப் பாருங்க

பெங்களூருவில் ஒக்கலிபுரம், ஸ்ரீராம்புரம் பக்கம் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்க நினைக்கும் நம்மவர்களுக்காக இது.

“காத்தா இருக்கு, பயப்படாதீங்க” என்பார் தரகர். காத்தா சொத்துவரிக் கணக்குதான், உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனால் 2024 அக்டோபரிலிருந்து பெங்களூரு நகர எல்லைக்குள் பத்திரப்பதிவுக்கு இ-காத்தா கட்டாயம்.

பவர் பத்திரத்தை மட்டும் காட்டி விற்கிறார்களா? விலகிவிடுங்கள். அதனால் உரிமை கைமாறாது என்று 2011-லேயே சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

30 வருட வில்லங்கச் சான்றிதழ் எடுத்து வரிவரியாகப் பாருங்கள். வங்கி அடமானம் பதிவாகியிருந்து, அது தீர்ந்ததற்கான பதிவு இல்லையென்றால் கடன் இன்னும் நிற்கலாம்.

கட்டிக்கொண்டிருக்கும் பெரிய அடுக்ககம் என்றால் ரேரா (வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைச் சரிபாருங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் முன்பணம் வாங்கச் சட்டம் இடம் தராது.

பத்திரம் கன்னடத்தில் இருக்கலாம். விற்பவரின் வக்கீலை நம்பாமல், உங்கள் வக்கீலை வைத்துப் படியுங்கள். இந்தப் பக்கத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பத்திரத்தில் உள்ள நாலு எல்லையையும் வீட்டு வாசலில் நின்று ஒப்பிடுங்கள்.

நகையை விற்றுச் சேர்த்த பணம். அட்வான்ஸ் கொடுக்க அவசரப்படாதீங்க.