காலித் தொட்டியின் கனம்

வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் சம்ப் கட்டுகிறவர்களுக்கு ஐப்பசி பிறந்துவிட்டால் மண்ணோடு பாதி வேலை, தண்ணீரோடு பாதி வேலை. சதுப்பை ஒட்டிய நிலம். நாலு நாள் அடைமழை பெய்தால் கடப்பாரை போட்ட இடத்திலேயே ஊற்று எட்டிப் பார்க்கும். தொட்டி ஒழுகுமா என்று வீட்டுக்காரர்கள் தவறாமல் கேட்பார்கள். மிதக்குமா என்று கேட்பவர் அபூர்வம்.

காங்கிரீட் தாராளமாக மிதக்கும். உள்ளளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்று 12,000 லிட்டர் சம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுவர் 150 மில்லிமீட்டர், அடித்தளம் 200, மூடி 125. மொத்த எடை 14 டன்னுக்குச் சற்று மேல். தரைமட்டம் வரை நிலத்தடி நீர் ஏறினால், காலித் தொட்டியை அது மேலே தள்ளும் விசை 17.6 டன். மூன்றரை டன் உதைக்கிறது. தள்ளும் விசையைப்போல் 1.2 மடங்கு எடை வேண்டும் என்று நாங்கள் பார்ப்பதால், இன்னும் 7 டன் தேட வேண்டும்.

அடித்தளத்தைத் தடிமனாக்குவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். ஒரு கனமீட்டர் காங்கிரீட் இரண்டரை டன். ஆனால் அதுவும் ஒரு டன் நீரை விலக்குமே, மிஞ்சுவது ஒன்றரைதான். அதைவிட, அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நாலு பக்கமும் ஓரடி நீட்டிவிடுவேன். அந்த விளிம்பின்மேல் திரும்பக் கொட்டும் மண், நனைந்த நிலையிலும் 7 டன் அளவுக்கு அமுக்கும். தோண்டிய மண்ணே காவல், காசு கிடையாது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மேஸ்திரிக்குப் பிடிக்காது. குழியை ஓரடி அகலமாக வெட்ட வேண்டுமே! “சுவரோட நிறுத்திடலாம் சார்” என்பார்.

மண்ணை முக்கால் அடிக்கு ஓர் அடுக்காகத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். களிமண் நிலத்தில் தளர்வாகக் கொட்டினால் குழியே கிண்ணமாகிவிடும். சுற்றிலும் நீர்மட்டம் ஆழத்தில் இருந்தாலும் கூரைத் தண்ணீர் அந்தக் கிண்ணத்தில் நின்று தொட்டியைத் தூக்கும். லேசாக எழும்பினாலும் அடியில் சேறு புகுந்துகொள்ளும். பிறகு அது பழைய இடத்தில் உட்காராது.

ஆபத்தான நேரம், சுவர் எழும்பி மூடி போடாத நாட்கள். மண்ணும் நிரப்பியிருக்க மாட்டோம். இரவில் கரண்டு போய் இறைக்கும் மோட்டார் நின்றால் போதும். மழை வருகிற மாதிரி இருந்தால் நானே உள்ளே நாலடி தண்ணீர் விட்டுவிடுவேன். கியூரிங்கும் ஆயிற்று.

ஃபைபர் செப்டிக் டேங்குக்கும் இதே வைத்தியம்: வெளியே மண் ஏற ஏற உள்ளே தண்ணீர் ஏற வேண்டும். பெட்ரோல் பங்க் தொட்டிக்கு இது மட்டும் போதாது. பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. லிட்டர் முக்கால் கிலோதான். நிறைந்த தொட்டியும் மேலே வரப் பார்க்கும். அதனால்தான் அதைக் காங்கிரீட் தளத்தோடு பட்டை போட்டுக் கட்டுகிறார்கள்.

கார்த்திகையில் சம்பைக் காலிசெய்து கழுவலாமா என்று கேட்பவர்களுக்காகவே, கட்டும்போது பக்கத்தில் ஓட்டை போட்ட நாலு அங்குல பிவிசி குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் புதைத்துவிடுகிறேன். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினால் வெளி நீர்மட்டம் தெரியும். தொட்டியின் அடித்தளத்துக்குக் கீழே இருந்தால் கழுவலாம். இல்லையென்றால் பங்குனி வரை பொறுக்கச் சொல்வேன்.