மிளகு முந்திரி

தீபாவளி நெருங்கும் காலத்தில், மிளகும் உப்பும் நெய்யும் சேர்த்து முந்திரிப் பருப்பை வீட்டிலேயே பக்குவமாக வறுத்து, பந்துமித்திரர்களுக்கு அன்பளிப்பாக அனுப்பும் வழக்கம் நம்மவரிடையே பரவி வருவதை நான் சில காலமாகவே சந்தோஷத்துடன் கவனித்து வருகிறேன். அப்படி ஒரு பொட்டலத்தை எனக்கு அனுப்பிய நண்பர், பண்ருட்டியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், "இதன் ருசியைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் இதை உடைத்த கையையும் ஒருமுறை வந்து பாருங்கள்" என்று கடிதம் எழுதியிருந்தார். அந்த ஒரு வாக்கியமே என்னைக் கடம்புலியூர்ப் பக்கம் இழுத்துச் சென்றது.

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குச் செல்லும் சாலையில் இருபுறமும் செம்மண். அந்தச் செம்மண்ணில் பலாவும் முந்திரியும் தோளோடு தோள் நிற்கின்றன. பிரேசில் தேசத்திலிருந்து போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த அந்நிய விருட்சம் இது என்று சொன்னால் இந்தப் பிரதேசத்து ஜனங்கள் நம்பமாட்டார்கள். அவ்வளவு தூரம் இவர்களுடைய ஜீவனத்தோடு அது கலந்துவிட்டது. நண்பர் அழைத்துச் சென்ற வீட்டின் பின்புறத்தில், தென்னங்கீற்றுக் கொட்டகையின் கீழ், ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் இயந்திரத்தின் முன்னால் அமர்ந்திருந்தார். வேலையை நிறுத்தாமலே "வாங்க சார், உக்காருங்க; கொட்டையத் தொட்டுடாதீங்க, கை பொத்துப்போயிடும்" என்றார்.

அந்த எச்சரிக்கை உபசாரத்துக்காகச் சொன்னதன்று. முந்திரியின் ஓட்டுக்குள்ளே தேனடை போன்ற கண்ணறைகளில் ஒரு கரிய எண்ணெய் தங்கியிருக்கிறது. அதிலுள்ள அமிலமும் கார்டால் என்னும் பொருளும் தோலில் பட்டால் கொப்புளம் எழும்பி, உரிந்து, கருமை படிந்துவிடும். கொட்டையை ஆவியில் வேகவைத்து ஆறவிட்ட பின்னும் அந்த உக்கிரம் முழுவதும் அடங்குவதில்லை. அம்மையார் பக்கத்தில் ஒரு சட்டியில் சாம்பலும் ஒரு கிண்ணத்தில் ஆமணக்கெண்ணெயும் வைத்துக்கொண்டு, இரண்டிலும் மாறி மாறி விரல்களைத் தோய்த்துக்கொண்டிருந்தார். கையுறை போட்டால் ஆகாதா என்று கேட்டேன். "போட்டா கொட்ட எப்படி நிக்குதுன்னு வெரலுக்குத் தெரியாதுங்க" என்றார்.

விரலுக்குத் தெரிய வேண்டிய சூட்சுமம் என்ன என்பதை அந்த இயந்திரம் எனக்கு விளக்கிற்று. கொட்டையின் வளைவுக்கு இசைந்தாற்போல் வளைந்த இரண்டு அலகுகள். காலால் மிதித்தால் அவை நெருங்கி வந்து ஓட்டைக் கவ்வும். கைப்பிடியை அசைத்தால் ஓடு பிளந்து பருப்பு வெளியே வரும். மிதி சற்றுக் குறைந்தால் ஓடு பிளவாது. சற்று மிகுந்தால் அலகு பருப்பில் பாயும். ஒரு கொட்டையைப் போல் மற்றொரு கொட்டை இருப்பதில்லையாதலால், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு அழுத்தம் என்பதைக் கண் நிதானிப்பதற்கு முன்பே காலும் விரலும் தமக்குள் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கல்விச்சாலைகள் கற்பிக்கும் எந்த வித்தைக்கும் இது தாழ்ந்ததன்று என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

இவ்வளவு பிரயாசையும் பருப்பு முழுதாக வெளிவருவதற்காகவே. சந்தையில் 180, 240, 320 என்று சொல்லப்படும் ரகங்கள், ஒரு பவுண்டு நிறையில், அதாவது ஏறக்குறைய 454 கிராமில், எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதைக் குறிக்கும் எண்கள். எண் குறையப் பருப்பு பெரிது, விலையும் பெரிது. அதே பருப்பு இரண்டாகப் பிளந்துவிட்டால் அரைப்பருப்பு என்று பெயர் மாறி விலை இறங்கிவிடுகிறது. பின்னும் நொறுங்கினால் குருணை.

அம்மையாருடைய குடும்பத்துக்கும் ஒருகாலத்தில் சொந்தத் தோப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியலில் கரையைக் கடந்த தானே புயல், கடலூர் ஜில்லாவின் முந்திரிக் காடுகளை வேரோடு சாய்த்தபோது, மாமனார் வைத்த மரங்கள் அத்தனையும் ஒரே இரவில் விழுந்துவிட்டன. "காலைல கதவத் தொறந்தா, எப்பவும் தெரியாத ஊரெல்லாம் தெரியுது சார்; நடுவுல மரமே இல்ல" என்று அவர் சொன்னபோது இயந்திரம் அன்று முதன்முறையாக நின்றது. புதிதாக வைத்த ஒட்டுக்கன்று மூன்றாம் வருஷம் காய்க்கத் தொடங்கினாலும், ஒரு குடும்பத்துக்குப் போதுமான மகசூல் தருவதற்குப் பின்னும் பல வருஷங்கள் ஆகும். பெண்ணின் கல்யாணமும் கடனும் அதுவரை காத்திருக்கவில்லை, நிலம் கைமாறிற்று. தன் தோப்புக் கொட்டையை விற்றுவந்தவர், ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்கும் கொட்டையைக் கூலிக்கு உடைப்பவரானார்.

அந்தக் கூலியின் கணக்கைக் கேட்டபோது என் மனம் கொதித்தது. மூட்டையை இறக்கிவிட்டுப் போகும் தரகர், இத்தனை கொட்டைக்கு இத்தனை பருப்பு என்று, சுமார் நான்கு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம், முன்கூட்டியே நிர்ணயித்துவிடுகிறார். கொட்டை சொத்தையாக இருந்து பருப்பு குறைந்தால் நஷ்டம் உடைத்தவருக்கு. முழுப்பருப்புக்கு ஒரு கூலி, உடைந்ததற்கு அதிற் குறைந்த கூலி. கொட்டை சரியாக வேகாததனால் உடைந்தாலும் பழி விரலுக்கே. ஓட்டையும் தரகர் விடுவதில்லை. கையைப் பொசுக்கும் அதே எண்ணெயைப் பிழிந்து, வர்ணத்துக்கும் மோட்டார் வண்டிகளின் பிரேக் பட்டைக்கும் ஆகுமென்று விற்றுவிடுகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு குப்பி ஆமணக்கெண்ணெய்கூட இந்தக் கொட்டகைக்குத் திரும்பி வருவதில்லை. தீபாவளிக்கு முன் கடையில் பருப்பின் விலை ஏறுகிறது, கூலி ஏறுவதில்லை. மழைக்காலத்துச் செலவுக்கு வாங்கிய முன்பணம் காலைக் கட்டியிருப்பதனால், வேறொருவரிடம் கொட்டை வாங்கி உடைக்கவும் வழியில்லை. நிறுப்பதும் விலை வைப்பதும் ஒருவரே செய்யும் வியாபாரத்தில் நியாயம் எங்கிருந்து பிறக்கும்?

மாலையில் அவர் சம்பந்தி வீட்டுக்குத் தீபாவளிச் சீராக அனுப்புவதற்கு மிளகு முந்திரி வறுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முழுப்பருப்பு வாங்கக் கட்டாது, எல்லாம் அரைப்பருப்பு. இரும்பு வாணலியில் மிதமான தணலில் வெறுமனே புரட்டி, நிறம் பொன்னாக மாறத் தொடங்கும்போதே இறக்கிவிட்டார். இறக்கிய பின்னும் தன் சூட்டிலேயே பருப்பு சிவக்குமாதலால் அடுப்பிலேயே சிவக்கவிட்டால் கசந்துபோகும். சூடு இருக்கும்போதே ஒரு கரண்டி நெய்யைச் சுற்றிலும் விட்டு, மாவாக அரைத்த உப்பையும், ஒன்றிரண்டாக இடித்த மிளகையும், மொறுமொறுவென்று பொரித்து நொறுக்கிய கறிவேப்பிலையையும் தூவிக் குலுக்கினார். நெய் இல்லாவிட்டால் பொடி ஒட்டாது. உப்பு பரல் பரலாக இருந்தால் அடியில் தங்கிவிடும். பிறகு முறத்தில் பரப்பி, முற்றும் ஆறிய பின்பே டப்பாவில் அடைத்தார். சூட்டோடு மூடினால் வேர்த்து நமத்துவிடும்.

உண்டு பார்த்தேன். பிளந்த பருப்பின் உட்புறத் தட்டையான முகத்தில் மிளகும் உப்பும் படிந்திருந்தபடியால், முழுப்பருப்பில் மேலோடு நின்றுவிடும் காரம் இதில் ஒவ்வொரு கடியிலும் நிறைந்திருந்தது. வறுத்துக் கொடுப்பதற்கு முழுப்பருப்பைவிட அரைப்பருப்பே உயர்ந்தது என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன். உடைந்துவிட்டது என்று சொல்லி யாருடைய கூலியைக் குறைக்கிறார்களோ, அவருடைய சரக்கே நம் நாவுக்கு உகந்த சரக்கு.

ஆகையால், வரும் பண்டிகைக்கு வீட்டில் முந்திரி வறுக்க எண்ணும் வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பண்ருட்டிப் பக்கம் போகிறவர்கள், அல்லது அங்கே மனிதர்கள் உள்ளவர்கள், தரகரிடம் கட்டுப்படாமல் தாமே கொட்டை வாங்கி உடைத்து விற்கும் வீடுகளைத் தேடி, அவர்களிடமே அரைப்பருப்பாகக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் சொல்லும் விலையில் பேரம் பேசாதீர்கள்.